மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கிய தமிழர்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றிடத்தில் குடியேறியவர்களின் உள்ளத்தில் ஓயாமல் எழும் வினா ஒன்று உண்டு. வேறோர் இடத்தில் இருந்திருந்தால் நம்முடைய வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கும் என்பதே அது. சொந்த ஊரிலேயே தங்கியிருந்தால் நம் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல படிப்பும் உத்தியோகமும் கிட்டியிருக்குமோ என்று எண்ணாத பெற்றோர் நம் காலனியில் இல்லை. அந்த எண்ணத்தில் எவ்வளவு நியாயம் உண்டு, எவ்வளவு மயக்கம் உண்டு என்பதைத் தெளிவிக்கத்தக்க வாழ்க்கை ஒன்றை இம்மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். இலங்கையில் பிறந்து, கிரிக்கெட் ஆட்டத்தில் நிகரற்ற மட்டைக்காரர் எனப் பெயர் பெற்று, மூன்று நாடுகளின் கோஷ்டிகளுக்குத் தலைமை தாங்கிய காலஞ்சென்ற மகாதேவன் சதாசிவம் அவர்களின் வரலாறே அது.

இவ்வினாவின் பொருளைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நாம் பிறரைவிட நன்கு உணரக் கூடியவர்கள். பிற இடங்களில் மனிதர்கள் எல்லை தாண்டிச் செல்வார்கள்; இங்கோ மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைகள் அவர்களைத் தாண்டிச் சென்றிருக்கின்றன. 1911-ம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை முதலிய ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. 1953-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி அது ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1960-ம் ஆண்டில் திருத்தணி மீண்டும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. 2022-ம் ஆண்டில் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்தது. ஒரே வீட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த முதியவர், இருந்த இடம் அசையாமலே ராஜ்யமும் ஜில்லாவும் மாறக் கண்டிருப்பார்.

இதன் விளைவு விளையாட்டையும் விட்டு வைக்கவில்லை. 1953-க்கு முன் சித்தூரில் பந்து வீசிப் பழகிய இளைஞன் ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் ஆட விரும்பினால் சென்னைக் கோஷ்டியில் இடம் தேட வேண்டும். 1953-54 பருவத்தில் ஆந்திரக் கோஷ்டி புதிதாகத் தோன்றிற்று. ஐம்பத்தெட்டு வயதான சி. கே. நாயுடு அவர்களே அதற்குத் தலைமை ஏற்றார். அன்று முதல் அதே இளைஞன் ஆந்திரக் கோஷ்டியின் வாயிலில் நிற்க வேண்டியவனானான். அவனுடைய கையும் கண்ணும் மாறவில்லை. அவனோடு போட்டியிடுபவர்களும், அவனைத் தேர்ந்தெடுப்பவர்களும் மாறிவிட்டார்கள். ஒரு ஜில்லாவின் நிலையே இவ்வாறெனில், நாடு மாறினால் ஓர் ஆட்டக்காரரின் வாழ்வு எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிறப்பும் இளமையும்

சதாசிவம் 1915-ம் ஆண்டு அக்டோபர் 18-ம் தேதி, இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் வெஸ்லி கல்லூரியிலும் கல்வி பயின்றார். வெஸ்லி கல்லூரியின் கோஷ்டியில் ஆடிய நாட்களிலேயே அவருடைய மட்டை வீச்சு பலருடைய கவனத்தையும் கவர்ந்தது. படிப்பு முடிந்த பின் அவர் தமிழ் யூனியன் கிரிக்கெட் சங்கத்தைச் சேர்ந்தார்.

இந்தத் தமிழ் யூனியனைப் பற்றி நம் சங்கத்தார் சிறிது அறிந்து கொள்ளுதல் நலம். 1899-ம் ஆண்டில் கொழும்பில் வாழ்ந்த தமிழர்கள் கூடி அமைத்த சங்கம் அது. அந்நாளில் அந்நகரத்தில் ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தமக்கென விளையாட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள். ஐரோப்பியர், பறங்கியர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகியோருக்கு இருந்ததுபோல் தமிழருக்கும் ஒன்று வேண்டுமென்று எண்ணி அதைத் தொடங்கினார்கள். நாளடைவில் அதன் மைதானமே இலங்கையின் தலைசிறந்த மைதானமாக உயர்ந்து, கொழும்பு ஓவல் என்று பெயர் பெற்றது. அதன் வளர்ச்சிக்கு உழைத்த பாக்கியசோதி சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெருமகனாரின் பெயரை அது இன்று தாங்கி நிற்கிறது.

மட்டையின் மாண்பு

சதாசிவத்தின் ஆட்டத்தில் வலிமையைக் காட்டிலும் நளினமே மிகுந்திருந்தது என்று அதைக் கண்டவர்கள் ஒருமித்துக் கூறுகிறார்கள். வேகமாக வரும் பந்தைக் கடைசி நொடி வரை வரவிட்டு, மணிக்கட்டின் சிறு திருப்பத்தால் பின்புறம் வெட்டி அனுப்பும் லேட் கட் அடியில் அவர் கைதேர்ந்தவர். பந்தை அடிக்கிறார் என்று சொல்லுவதைவிடப் பந்துக்கு வழி காட்டுகிறார் என்று சொல்லுதலே பொருந்தும். ரசிகர்கள் அவரைச் சதா என்று செல்லமாக அழைத்தார்கள். அவர் மட்டையை ஏந்தி மைதானத்தில் இறங்குவதைக் காணச் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் பேதமின்றித் திரண்டனர்.

1945-ம் ஆண்டில் விஜய் மெர்ச்சண்ட் தலைமையில் இந்தியக் கோஷ்டி இலங்கைக்கு விஜயம் செய்தபோது சதாசிவம் 111 ஓட்டங்கள் எடுத்தார். 1947-ம் ஆண்டில் இலங்கைக் கோஷ்டி சென்னைக்கு வந்து, சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்தியக் கோஷ்டியை எதிர்த்து ஆடிற்று. அப்பந்தயத்தில் அவர் எடுத்த 215 ஓட்டங்கள், அம்மைதானத்தின் மிக உயர்ந்த எண்ணிக்கையாகப் பல ஆண்டுகள் நிலைத்திருந்தது. சென்னை ரசிகர்கள் அயல்நாட்டார் ஒருவரின் ஆட்டத்தைத் தம்மவரின் ஆட்டமாகவே பாவித்துக் கொண்டாடினார்கள். பேசும் மொழி ஒன்றாக இருக்கையில் அவரை அயலார் என்று எண்ண எவருக்கு மனம் வரும்?

1948-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்குள், மார்ச் 27-ம் தேதி, இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்று கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கோஷ்டி கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிற்று. டான் பிராட்மன் தலைமையில் அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு பந்தயத்திலும் தோற்காமல் திரும்பிய புகழ்பெற்ற கோஷ்டி அது. சுதந்திர இலங்கையின் கோஷ்டிக்குத் தலைமை தாங்கி, பிராட்மனுடன் நாணயம் சுண்டி நின்றவர் நம் சதாசிவம். பிராட்மன் 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். மழை குறுக்கிட்டதால் முடிவு காணாமலே பந்தயம் நின்றது. 22 கெஜம் இருக்க வேண்டிய ஆடுதளம் 20 கெஜமே இருந்தது என்பது அளந்து பார்த்தபோது தெரிய வந்ததாம்.

1950-ம் ஆண்டில் காமன்வெல்த் கோஷ்டிக்கு எதிராக அவர் 96 ஓட்டங்கள் எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகளின் மாபெரும் ஆட்டக்காரரான பிராங்க் வொரல், உலகக் கோஷ்டி ஒன்றைத் தாம் தெரிவு செய்ய நேர்ந்தால் சதாசிவத்தின் பெயரையே முதலில் எழுதுவதாகக் கூறினார் என்று கிரிக்கெட் உலகத்தார் இன்றும் சொல்லி வருகிறார்கள்.

கணக்குப் புத்தகம் காட்டும் உண்மை

இத்துணைப் புகழ் பெற்றவர் எத்தனை டெஸ்ட் பந்தயங்களில் ஆடினார் என்று கேட்டால், ஒன்றிலும் இல்லை என்பதே விடை. முதல்தரப் பந்தயங்கள் என்று ஏற்கப்பட்டவற்றிலும் அவர் ஆடியவை பதினொன்றே. அவற்றில் எடுத்தவை 753 ஓட்டங்கள். சராசரி 41-க்குச் சற்று மேல்.

இதற்குக் காரணம் அவருடைய திறமைக் குறைவன்று. இந்தியா 1932-ம் ஆண்டிலேயே டெஸ்ட் தகுதி பெற்று ஆடத் தொடங்கிற்று. இலங்கைக்கோ அத்தகுதி 1981-ம் ஆண்டில்தான் கிடைத்தது. சதாசிவத்தின் காலத்தில், இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் கோஷ்டிகள், கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தங்கும் நேரத்தில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போகும். ரெயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது எளிதில் விளங்கும். மெயில் வண்டி பெரிய சந்திப்பு ஒன்றை நோக்கிச் செல்லும் வழியில் சிறு நிலையத்தில் தண்ணீருக்காகச் சில நிமிஷங்கள் நிற்பதுபோல், உலகக் கிரிக்கெட் கொழும்பில் நின்று சென்றது. அந்தச் சில நிமிஷங்களில் தம் திறமை முழுவதையும் காட்ட வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

இவருடன் ஒப்பிட்டுக் காண்பதற்கு மற்றொருவரைக் கூறுவோம். விஜய் ஹஜாரே பிறந்ததும் அதே 1915-ம் ஆண்டுதான். அவர் பிறந்த ஊர் இந்தியாவில் ஸாங்லி. அவர் முதல்தரப் பந்தயங்கள் 238 ஆடி 18,740 ஓட்டங்கள் சேர்த்தார். டெஸ்ட் பந்தயங்கள் 30 ஆடி ஏழு சதங்கள் எடுத்தார். 1948-ம் ஆண்டு ஜனவரியில் அடிலெய்டில் பிராட்மனின் கோஷ்டிக்கு எதிராக ஒரே பந்தயத்தில் இரண்டு சதங்கள் எடுத்து உலகப் புகழ் அடைந்தார். ஒரே ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவருக்கு 238 வாய்ப்புகளும், மற்றவருக்குப் பதினொன்றும் கிட்டின. இடையே இருந்தது குறுகிய கடல் ஒன்றுதான்.

இந்தியாவில் பிறந்திருந்தால்?

சதாசிவம் கடலுக்கு இப்பால் பிறந்து இந்தியாவுக்காக ஆடியிருந்தால் ஹஜாரேயைப்போல் விளங்கியிருப்பார் என்று சொல்லுதல் எளிது. ஆனால் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறுதல் நியாயமாகாது. தென்னாட்டில் பிறந்த ஆட்டக்காரர்களுக்கு அந்நாளில் நேர்ந்தது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையின் ஏ. ஜி. ராம்சிங் ரஞ்சிக் கோப்பையில் மட்டையாலும் பந்தாலும் சாதனைகள் புரிந்தவர். ஆயினும் அவருக்கு ஒரு டெஸ்ட் பந்தயமும் வாய்க்கவில்லை. அவருடைய புதல்வர்களான கிருபால் சிங்கும் மில்கா சிங்குமே அப்பேற்றைப் பெற்றார்கள். எம். ஜே. கோபாலன் 1936-ம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக் கோஷ்டியில் இடம் பெறத்தக்கவராய் இருந்தும், கிரிக்கெட் கோஷ்டியுடன் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவர் ஆடவில்லை. அப்பயணத்துக்குத் தலைவராகச் சென்றவர் விஜயநகரத்து மகாராஜகுமாரர். அவரைத் தலைமையில் வைத்தது ஆட்டத் திறமையன்று, செல்வமும் செல்வாக்குமே என்பது யாவரும் அறிந்த செய்தி.

ஆகவே சதாசிவம் சென்னையில் பிறந்திருந்தால் இந்தியாவின் ஹஜாரேயாகவும் ஆகியிருக்கலாம். இன்னொரு ராம்சிங்காகவும் முடிந்திருக்கலாம். பெரிய நாட்டில் வாய்ப்புகள் பல. அவற்றை நாடி நிற்பவர்களோ அவற்றினும் பலர். சிறிய நாட்டில் வாய்ப்புகள் சில. ஆனால் திறமை மறைந்து கிடப்பதில்லை. இலங்கையில் அவர் எவராலும் புறக்கணிக்க இயலாதவராய், நாட்டுக்கே தலைவராய் விளங்கினார்.

இங்கிலாந்து சென்று பயின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். ரஞ்சித்சிங்ஜி 1896-ம் ஆண்டில் இங்கிலாந்துக்காகத் தம் முதல் டெஸ்டில் ஆடி ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய உடன்பிறந்தாரின் மகனான துலீப்சிங்ஜியும் இங்கிலாந்துக்கே ஆடினார். மூத்த பட்டோடி நவாப் 1932-ம் ஆண்டில் சிட்னியில் இங்கிலாந்துக்காகச் சதம் எடுத்தார். 1946-ம் ஆண்டில் இந்தியாவுக்குத் தலைமை ஏற்று அதே இங்கிலாந்துக்குச் சென்றார். இவர்கள் மூவரும் அரச குடும்பத்தினர். பல்கலைக் கழகப் படிப்புக்குக் கடல் கடந்து செல்லும் வசதி படைத்தவர்கள். இலங்கையரான காமினி குணசேனாவும் கேம்பிரிட்ஜில் பயின்று 1957-ம் ஆண்டில் அப்பல்கலைக் கழகக் கோஷ்டிக்குத் தலைமை ஏற்றார். பின்னர் ஸ்டான்லி ஜயசிங்காவும் கிளைவ் இன்மனும் லெஸ்டர்ஷையர் கோஷ்டியில் ஆடிப் பெயர் பெற்றார்கள். சதாசிவத்துக்கு அந்த வழி திறக்கவில்லை. அவர் கற்றது யாவும் கொழும்பில்தான்.

இருள் சூழ்ந்த நாட்கள்

1951-ம் ஆண்டு அக்டோபரில் அவருடைய மனைவியார் கொழும்பில் தம் இல்லத்தில் கொலையுண்டு கிடந்தார். குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்மணியின் உயிர் அநியாயமாகப் பறிக்கப்பட்ட அச்செய்தி இலங்கை முழுவதையும் உலுக்கிற்று. கொலைக் குற்றம் கணவர்மீதே சாட்டப்பட்டது. அவருக்காகப் புகழ்பெற்ற வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எடின்பரோவிலிருந்து மருத்துவ நிபுணர் ஸர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சியம் அளித்தார். நீண்ட விசாரணைக்குப் பின் 1953-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் சதாசிவம் நிரபராதி எனத் தீர்ப்பாகி விடுதலை பெற்றார். இதற்கு மேல் இதை விரித்துரைப்பது இம்மலருக்கு ஏற்றதன்று.

ஆயினும் ஒன்றை மட்டும் கூறாதிருக்க இயலவில்லை. 1952-ம் ஆண்டு பிப்ரவரியில், சதாசிவம் 215 ஓட்டங்கள் குவித்த அதே சேப்பாக்கத்தில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராக அடைந்தது. வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். வெற்றி பெற்ற கோஷ்டியின் தலைவர், சதாசிவம் பிறந்த ஆண்டிலேயே பிறந்த ஹஜாரே. 1953-ம் ஆண்டில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் பந்தயம் தொடங்கியபோதும் சதாசிவம் வழக்கின் பிடியிலிருந்து மீளவில்லை. தம் ஆட்டத்தின் முதிர்ந்த காலத்தை அவர் மைதானத்துக்கு வெளியே கழிக்க நேர்ந்தது. இந்த இழப்புக்கு எந்த நாட்டையும் குறை கூறிப் பயனில்லை.

விடுதலைக்குப் பின் அவர் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சென்றார். அங்கும் மட்டை அவரைக் கைவிடவில்லை. சிங்கப்பூர்க் கோஷ்டிக்கும் மலேயாக் கோஷ்டிக்கும் தலைமை தாங்கினார். இலங்கையையும் சேர்த்து மூன்று நாடுகளுக்குத் தலைவராய் விளங்கிய பெருமை அவருக்கு இவ்வாறு வாய்த்தது. ஊரை விட்டுச் சென்ற இடத்திலும் ஒருவனுக்கு உதவுவது அவன் கையில் கற்று வைத்திருக்கும் தொழில் ஒன்றே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னர்த் தாயகம் திரும்பி, 1977-ம் ஆண்டு ஜூலை 9-ம் தேதி கொழும்பில் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று.

அவருக்குப் பின்

அவர் மறைந்த ஐந்தாம் ஆண்டில், 1982 பிப்ரவரியில், இலங்கை தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை இங்கிலாந்துடன் ஆடிற்று. அது நடந்த இடம் எது என்று எண்ணுகிறீர்கள்? தமிழ் யூனியன் சங்கத்தாரின் மைதானமேதான். சதாசிவம் பிராட்மனை வரவேற்ற அதே புல்தரையில் இலங்கையின் டெஸ்ட் வரலாறு தொடங்கிற்று. 1996-ம் ஆண்டில் அச்சிறு நாடு ஆஸ்திரேலியாவை வென்று உலகக் கோப்பையைக் கைக்கொண்டது.

அந்த வெற்றிக் கோஷ்டியில் ஒரு தமிழர் இருந்தார். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் அவர். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை சென்றவர். 1992-ம் ஆண்டில் டெஸ்ட் ஆட்டத்தில் நுழைந்த முரளிதரன், 2010-ம் ஆண்டில் காலியில் இந்தியாவுக்கு எதிரான பந்தயத்துடன் ஓய்வு பெறும்போது 800 விக்கெட்டுகள் வீழ்த்தியிருந்தார். உலகில் வேறெவரும் அவ்வெண்ணிக்கையை எட்டியதில்லை. பாட்டனார் கப்பலேறாமல் தமிழ்நாட்டிலேயே தங்கியிருந்து, முரளிதரன் இங்கே பிறந்திருந்தால், அனில் கும்ப்ளே, ஹர்பஜன் சிங் முதலியோரோடு ஓர் இடத்துக்குப் போட்டியிட நேர்ந்திருக்கும். சதாசிவத்துக்குக் காலம் முந்திவிட்டதால் தடையாய் நின்ற அதே சிறு நாடு, முரளிதரனுக்கு ஏணியாய் அமைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்விரு வாழ்வையும் ஒருங்கே நோக்கினால் நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. இடம் மாறினால் அளவுகோல் மாறும்; வாய்ப்பின் எண்ணிக்கை மாறும்; ஏட்டில் எழுதப்படும் பெயர் மாறும். அது நன்மையாய் முடியுமா தீமையாய் முடியுமா என்பதை முன்கூட்டி அறிபவர் எவருமில்லை. ஆகையால் ஊரை விட்டு வந்தோமே என்று பிள்ளைகளின் எதிரில் ஓயாமல் வருந்துவது அவர்களுடைய ஊக்கத்தைக் குலைக்குமேயன்றி வேறு பயன் தராது. ரெயில்வேயில் பணிபுரியும் குடும்பத்தினராகிய நமக்கு இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 1958-59 முதல் ரஞ்சிக் கோப்பையில் ரெயில்வேக் கோஷ்டி தனியே ஆடி வருகிறது. அதில் இடம் பெறுபவனை எந்த ராஜ்யத்தில் பிறந்தாய் என்று கேட்பதில்லை.

மற்றொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். டெஸ்ட் தகுதி பெற்ற நாடு இல்லாத காலத்தில் சதாசிவத்துக்கு ஆடுகளம் தந்தது ஒரு சங்கம். வேற்றூரில் வாழ்ந்த தமிழர்கள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து நடத்திய சங்கம். ஆண்டு விழாவும் இசைக் கச்சேரியும் பொங்கல் விழாவும் நடத்துவதோடு நம் சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. மாலையில் காலனிப் பிள்ளைகள் கூடி ஆட ஒரு திடலும், இரண்டு மட்டைகளும், அவர்களைக் கவனிக்க ஒரு பெரியவரும் இருந்தால் போதும். தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் கலந்து ஆடட்டும். அவர்களில் எவன் சதாசிவம், எவன் முரளிதரன் என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. களம் அமைத்துக் கொடுப்பது பெரியோர் கடமை. ஆடிக் காட்டுவது அவர்கள் பொறுப்பு.

மகாதேவன் சதாசிவத்தின் நினைவு வாழ்க! நம் சங்கம் வளர்க!